கணினிக் கிட்டங்கியின் இருப்புக் கணக்கு

பண்டங்களைச் சேர்ப்பது ஒரு திறமை. சேர்த்தவற்றை அளந்தறிவது மற்றொரு திறமை. விருதுநகர் வணிகர் வற்றலும் பருப்பும் நிறைந்த தம் கிட்டங்கிக்கு இருப்புப் புத்தகம் வைக்கத் தவறார். சிவகாசிப் பட்டாசுத் தொழிலிலோ, உரிமத்திற் கண்ட அளவுக்கு மேல் வெடிமருந்தைக் கிடங்கில் வைத்தல் குற்றமாம், உயிருக்கும் இறுதியாம். ஆயின் கடிதம், விலைப்பட்டி, இருப்புப் பதிவு முதலியவற்றைக் கணினியிற் சேர்க்கும் நாம், அவை கொள்ளும் இடம் எவ்வளவென்று கேட்பது அரிது. அதனை அறியும் வகையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஐ.பி.எம். நிறுவனத்தார் 1988ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அறிவித்த ஏ.எஸ்./400 என்னும் நடுத்தரக் கணினியை உதாரணமாகக் கொள்வோம். அதன் வழித்தோன்றல் இன்றும் வழக்கில் உள்ளது. நினைவகமும் வட்டுக்களும் சேர்ந்து ஒரே பண்டசாலையாகக் கொள்ளப்படுவது இதன் தனிச்சிறப்பு. ஓர் ஆவணத்தின் பகுதிகளை இயந்திரமே பல வட்டுக்களிற் பரப்பி வைக்கும். ஆகையால், இன்ன ஆவணம் இன்ன வட்டில் என்று நாமே தேடிக் காணல் இயலாது. இயந்திரத்தையே வினவுதல் வேண்டும்.

வினவும் படிகள் மூன்று. முதலாவது, 'டபிள்யூ.ஆர்.கே.எஸ்.ஒய்.எஸ்.எஸ்.டி.எஸ்.' என்னும் கட்டளை. மொத்த இடத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியது என்பதை இது காட்டும். எச்சரிக்கைக்குரிய எல்லை வழக்கமாக 90 பங்கு. இரண்டாவது, 'ஆர்.டி.வி.டி.எஸ்.கே.ஐ.என்.எஃப்.', இஃது ஒவ்வொரு பொருளின் அளவையும் திரட்டி ஒரு கோப்பில் வைக்கும். நெடுநேரம் கொள்வதாதலின் வேலை குறைந்த இரவே இதற்கு ஏற்றது. மூன்றாவது, 'பி.ஆர்.டி.டி.எஸ்.கே.ஐ.என்.எஃப்.', திரட்டிய கணக்கை உறைவாரியாக அச்சிட்டுத் தருவது இதுவே. அச்சிட்ட கணக்கு திரட்டிய நேரத்து நிலையையன்றி, அச்சிட்ட நேரத்து நிலையைக் காட்டாது என்பதை மறத்தலாகாது.

இனி, இடத்தை விழுங்குவது எது? 'சிவகாசி' என்னும் நான்கெழுத்துச் சொல், இன்று பெருவழக்கான யு.டி.எஃப்.-8 முறையில் 21 பைட்டு கொள்ளும். ஆங்கில எழுத்தில் எழுதினால் 8 பைட்டே. இதனால் தமிழைப் பழிக்க வேண்டுவதில்லை. ஈராயிரம் குறிகள் கொண்ட தமிழ்ப் பக்கம் 6,000 பைட்டளவே. ஆனால் அதே பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணப் படமாக எடுத்துச் சுருக்காது வைத்தால், ஏ4 தாள் ஒன்றே ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பைட்டு கொள்ளும். எழுத்துப் பக்கங்கள் நாலாயிரத்திற்கு மேல் அதனுள் அடங்கும்! நாட்காட்டிப் படங்களைச் சேமிக்கும் சிவகாசி அச்சகத்தார் முதலில் நோக்க வேண்டியது படங்களையே என்பது இதனால் விளங்கும்.

வட்டு முற்றும் நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும். அதற்கு அஞ்சிக் கண்டதை அழிப்பதோ அதனினும் கேடு. விபத்தொன்று நேர்ந்த பின்னர், கிடங்கில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று சான்று கூற வல்லது பழைய இருப்புப் பதிவு ஒன்றே. ஆதலின் முதலில் அளக்க, பின் நாடாவிற் படியெடுக்க, அப்படி மீண்டும் திறக்கிறதா என்று சோதிக்க, அதன்பின்னரே அழிக்க. இவ்வரிசை பிறழாதாயின் இடமும் கிட்டும், சான்றும் நிலைக்கும்.