நாலு டிகிரித் தண்ணீரில் ரெகுலேட்டர்

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். பனிப்பாறை உருகி, எரிமலைப் பாறைக்குள் பல்லாண்டு வடிந்து வரும் நீர். அதன் தெளிவுக்காகவே ஸ்கூபாக்காரர்கள் போகிறார்கள். அங்கே சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் உறைந்தால் காற்று நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. காற்று நிற்காமல் கொட்டும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி.

சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று படுமே, அதே சங்கதிதான். சிலிண்டரின் 200 பார் அழுத்தம், ரெகுலேட்டரின் முதல் நிலையில், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டுமே கூடுதலான அளவுக்கு இறங்குகிறது. விரியும் காற்று உலோகத்தை உறைய வைக்கும். வெதுவெதுப்பான கடலில் தண்ணீரே அதைச் சூடாக்கிவிடும். நாலு டிகிரி நீரிடம் அதற்கு வெப்பம் ஏது? ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி கட்டி, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அந்தமானில் நூறு முறை மூழ்கியவருக்கும் இது புதுப் பாடம்.

வாடகைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. ஐரோப்பாவின் ஈ.என். 250 தரத்தில், 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டுமே உரிய ரெகுலேட்டரில் அதைச் சொல்லும் குறி இருக்கும். இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் நிலைக்குள் தண்ணீர் புகாதபடி மூடிய வகையா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, கம்ப்ரசரின் வடிகட்டி காற்றின் ஈரத்தை நீக்குகிறதா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் கட்டிவிட்டாலும், காரணம் சொல்லாமலே டைவை ரத்து செய்யலாம். ஸ்கூபா உலகில் எழுதாத சட்டம் அது.

கரைக்குளிரில் ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூச்சின் ஈரம் உள்ளேயே உறையும். வாயை நீருக்குள் வைத்த பிறகு சோதியுங்கள். காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை நீண்ட நேரம் அழுத்த வேண்டாம். மூச்சிழுக்கும் அதே நொடியில் ட்ரை சூட்டுக்குக் காற்றேற்றவும் வேண்டாம். குளிர்நீருக்குத் தனித்தனி வால்வில் இரண்டு முதல் நிலைகள் வைத்துக்கொள்வது என் கணக்கில் ஆடம்பரமல்ல.

அப்படியும் கொட்டத் தொடங்கினால் மவுத்பீஸை இறுகக் கவ்வாமல், வழியும் காற்றை உறிஞ்சுங்கள். துணைவரிடம் சைகை காட்டி அவருடைய மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். அவர் உங்கள் சிலிண்டர் வால்வை மூடட்டும். பிறகு இருவரும் நிதானமாக மேலேறுங்கள்.

கரையேறியதும் பனி உருகி, ரெகுலேட்டர் நல்ல பிள்ளையாகிவிடும். அதை நம்பி அன்றே மறுபடி இறங்க வேண்டாம். சர்வீஸில் கொடுத்து, முதல் நிலையின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.