ஒலிப்பதிவின் வேகமும் உண்மைக் குரலும்

அந்தமான் தீவுகளில் வழங்கிய ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதர், போவா சீனியர் என்று அறியப்பட்ட மூதாட்டி, 2010-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி காலமானார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் முன்னரே ஒலிப்பதிவு செய்திருந்தார். இத்தகைய மொழியின் பதிவு பிழையான வேகத்தில் ஒலித்தால், அதனைக் கேட்டுத் திருத்துவதற்கு அம்மொழி பேசுவோர் எவரும் இலர். ஆதலின், கணிப்பொறியில் ஒலியின் வேகம் பிறழ்வது ஏன் என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கணிப்பொறி ஒலியலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. இவ்வெண்ணிக்கைக்கு மாதிரி வீதம் என்று பெயர். குறுந்தகட்டில் இது 44,100. திரைப்படம், விடியோ ஆகியவற்றில் பெரும்பாலும் 48,000. முன்னைய வீதத்தில் பதிவானதைப் பின்னைய வீதத்தில் ஒலிக்கச் செய்தால், 60 நிமிடப் பதிவு சுமார் 55 நிமிடத்திலேயே முடிந்துவிடும். குரலும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயரும். மாறாக நிகழின் 65 நிமிடமாக நீண்டு, குரல் தாழும். உயிரொலிகளின் அதிர்வெண்களும் மாறுவதால், அப்பதிவிலிருந்து எடுக்கும் ஒலியியல் அளவீடுகள் யாவும் பொய்த்துவிடும்.

லினக்ஸ் கணிப்பொறியில் பிழையைக் கண்டறியும் முறை எளிது. முதலில் குரலின் சுருதியைக் கவனித்தல் வேண்டும். வேகம் மட்டும் மாறிச் சுருதி மாறாதிருப்பின், ஒலிப்பான் செயலியில் வேகம் மாற்றப்பட்டிருக்கலாம். எம்பிவி என்னும் செயலியில் சதுர அடைப்புக்குறி விசைகள் தவறுதலாக அழுத்தப்பட்டால் இவ்வாறு நேரும். பேக்ஸ்பேஸ் விசை வேகத்தை இயல்புக்குக் கொணரும்.

சுருதியும் மாறியிருப்பின், வேறொரு கோப்பை ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். ஒரு கோப்பு மட்டும் பிறழ்ந்தால், அதன் தலைப்பகுதியில் குறித்துள்ள வீதம் பிழையாக இருக்கலாம். தலைப்பகுதியே இல்லாத கோப்பில் ஒற்றைத் தடப் பதிவை இரட்டைத் தடமாகக் கொண்டால், பாதி நேரத்தில் முடிந்து குரல் ஒரு ஸ்தாயி உயரும். எல்லாக் கோப்புகளும் பிறழ்ந்தால், குற்றம் ஒலிக்கருவியிலோ அதன் இயக்கியிலோ உள்ளது எனக் கொள்ளலாம். யு.எஸ்.பி. வழி இணையும் வேறொரு ஒலிக்கருவியைப் பொருத்திச் சோதித்தால் ஐயம் நீங்கும். பைப்வயர் போன்ற ஒலிச் சேவைகள் ஒரு வீதத்தை மற்றொன்றாக மாற்றுவது இயல்பே. முறையாக நடைபெறும் அம்மாற்றத்தால் வேகம் பிறழாது.

திருத்தும்போது மூலக்கோப்பைத் தொடலாகாது. நகலில் தலைப்பகுதியின் வீதக் குறிப்பை மட்டும் சரிசெய்தல் வேண்டும். கோப்பை வேறு வீதத்துக்கு மாற்றி எழுதினால் பிழை அப்படியே நிலைத்துவிடும்.

வருமுன் காப்பதற்கும் வழியுண்டு. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 440 அதிர்வெண்ணுடைய இசைக்கவையைத் தட்டி ஒலிக்கச் செய்யலாம். பின்னாளில் அது 479 எனக் காணப்பட்டால், பிழையும் அதன் அளவும் உடனே புலப்படும். நிக்கோபார் தீவுகளின் மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. அங்கே பதிவு செய்வோர், பேசியவருக்கே அதனை மீண்டும் ஒலித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின்னரே சேமித்தல் நன்று.