சொன்னால் நம்பணுமே!

போன மாசம் என் ஸ்கூட்டரைத் திருப்பினால் ஹேண்டில்பார் பிடித்தது. மெக்கானிக்கிடம் சொன்னேன். "வண்டி நல்லாத்தான் இருக்குக்கா, பழகினா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் என் கணவர் போய் அதையேதான் சொன்னார். உடனே பிரித்து, கோன்செட் தேய்ந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார்!

கார் பந்தயப் பைத்தியமான என் மகன் சொன்ன லெல்லா லொம்பார்டிதான் நினைவுக்கு வந்தார். இத்தாலிக்காரர். கறிக்கடைக்காரர் மகள், கடை வேனில் இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்தவர். 1975-ல் ஸ்பெயின் கிராண்ட் பிரீயில் ஆறாவது இடம். விபத்தால் பந்தயம் பாதியிலேயே நின்றதால், கிடைத்தது அரைப் புள்ளி. ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டியில் இன்றுவரை புள்ளி எடுத்த ஒரே பெண் அவர்தான்.

கார் வளைவில் சரியாகத் திரும்பவில்லை என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். அவருடைய அணியே நம்பவில்லை. 1976-ல் ரோனி பீட்டர்சன் அதே காரை ஓட்டிவிட்டு அதே குறையைச் சொன்ன பிறகுதான் பிரித்துப் பார்த்தார்கள். பின்பக்கச் சட்டத்தில் விரிசல்! 1992-ல், வயது ஐம்பதிலேயே இறந்துவிட்டார், பாவம்.

கோன்செட்டுக்குக் காசு கொடுத்தது மட்டும் நான்தான்.

– ஒரு வாசகி, கோவை.