சைகைமொழிக் கதைசொல்லலும் வெளிநாட்டுக் கல்வியும்

சைகைமொழிக் கதைசொல்லல் என்பது காதுகேளாதோர் தம் சைகைமொழியில் கதை, நகைச்சுவை, கவிதை, வாழ்க்கை நிகழ்வு ஆகியவற்றை நிகழ்த்திக் காட்டும் கலை ஆகும். எழுத்து வடிவம் இன்றி ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதால் இது நாட்டார் வாய்மொழி மரபுக்கு ஒப்பானது. இக்கலையையும் காதுகேளாதோர் பண்பாட்டையும் அறிவதற்காகப் பிற நாடுகளுக்குச் செல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உள்ளது. அவ்வாறு சென்றவர்கள் கொண்டுவந்தவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பிற நாட்டுச் சைகைகள். மற்றொன்று, தம் ஊர்ச் சைகைகளும் ஒரு மொழியே என்னும் தெளிவும் அதனை ஆராயும் முறையும். இந்தியச் சைகைமொழியின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது இரண்டாவதே ஆகும்.

பின்னணி

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே சைகைமொழி இல்லை. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பேச்சுமொழி ஆங்கிலமே எனினும், அவ்விரு நாட்டுச் சைகைமொழிகளும் ஒன்றையொன்று சாராதவை. இந்தியச் சைகைமொழியும் தமிழையோ இந்தியையோ கையால் காட்டுவது அன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. எடுத்துக்காட்டாக, அதில் வினாச்சொல்லும் மறுப்புச்சொல்லும் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும்.

காதுகேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காதுகேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே ஏனைய மொழிகளைப் போலச் சைகைமொழி தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது அரிது. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை போன்ற ஒரு நெசவு ஊரில் பிறக்கும் காதுகேளாத குழந்தை, தன் வீட்டாருடன் சில வீட்டுச் சைகைகளை மட்டும் உருவாக்கிக்கொள்ளலாம். முழுமையான சைகைமொழி அதற்குப் பெரும்பாலும் பள்ளியில், மூத்த மாணவரிடமிருந்தே கிடைக்கிறது. இதனால் விடுதிப் பள்ளிகள் இம்மொழியின் பிறப்பிடங்களாகவும் கதைகளின் களஞ்சியங்களாகவும் விளங்கின.

கதைசொல்லும் முறை

சைகைமொழியில் கதை சொல்பவர் தமக்கு முன்னுள்ள வெளியை மேடையாகப் பயன்படுத்துகிறார். ஒரு பாத்திரத்தை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் நிறுத்திவிட்டால், பின்னர் உடலையும் பார்வையையும் சற்றுத் திருப்பினாலே யார் பேசுகிறார் என்பது விளங்கும். இது பாத்திரமாற்றம் எனப்படும். முகபாவம் உணர்ச்சியைக் காட்டுவதோடு வினா, மறுப்பு போன்ற இலக்கணப் பொருளையும் தருகிறது. ஒரே கை வடிவம் நடக்கும் மனிதனாகவும், வழுக்கி விழும் மனிதனாகவும் இயங்கலாம்.

பரதநாட்டிய முத்திரைகளுடன் இதனை ஒப்பிடுவது வழக்கம். எனினும் இரண்டும் வேறு. முத்திரை ஆடற்கலையின் உறுப்பு. சைகையோ கடைவீதியில் விலை பேசவும், சண்டையிடவும், கணக்குப் பாடம் நடத்தவும் பயன்படும் அன்றாட மொழியின் சொல் ஆகும்.

வகைகள்

எழுத்துக் கதை: அமெரிக்கச் சைகைமொழியில் புகழ்பெற்ற வடிவம். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கான கை வடிவங்களை வரிசை மாறாமல் பயன்படுத்திக் கதை சொல்லவேண்டும். முதல் எழுத்தின் மூடிய கை கதவைத் தட்டுவதாகவும், இரண்டாம் எழுத்தின் விரித்த உள்ளங்கை கதவு திறப்பதாகவும் அமையலாம்.

எண் கதை: எண்களுக்குரிய கை வடிவங்களை வரிசையாகக் கொண்டு அமைவது.

காட்சி வழக்கு: சொற்களைக் குறைத்து, திரைப்படம் போல அண்மைக் காட்சி, தொலைக் காட்சி, மெதுவான இயக்கம் ஆகியவற்றை உடலால் காட்டுவது. இதனை வளர்த்தவர் அமெரிக்கக் காதுகேளாத நடிகர் பெர்னார்ட் பிராக். அவர் 1950களில் பாரிசு சென்று ஊமக்கூத்துக் கலைஞர் மார்சல் மார்சோவிடம் பயின்றார். கற்றதை அப்படியே பின்பற்றாமல் சைகைமொழிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

கற்கச் சென்றோர்

1815இல் அமெரிக்கரான தாமசு காப்கின்சு கேலடெட், காதுகேளாதோர் கல்வி முறையை அறிய ஐரோப்பா சென்றார். பிரித்தானியாவில் அம்முறையை அறிந்திருந்த பிரெய்டுவுட் குடும்பத்தினருடன் உடன்பாடு ஏற்படவில்லை. பின்னர் அவர் பாரிசுப் பள்ளியில் பயின்று, அங்கு ஆசிரியராக இருந்த காதுகேளாதவரான லோரான் கிளேர்க்கை அழைத்துக்கொண்டு 1816இல் நாடு திரும்பினார். 52 நாள் கப்பற் பயணத்தில் ஒருவர் மற்றவருக்கு ஆங்கிலமும் சைகைமொழியும் கற்பித்தனர். 1817இல் ஆர்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கியது. பிரெஞ்சுச் சைகைகளும் மாணவர் கொண்டுவந்த உள்ளூர்ச் சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகைமொழி உருவானது.

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகையைத் தவிர்த்துப் பேச்சுப் பயிற்சியையே அளிக்கவேண்டும் எனத் தீர்மானித்தது. இதன் விளைவாகப் பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை நீக்கப்பட்டது. 2010இல் வான்கூவரில் நடைபெற்ற மாநாட்டில் இத்தீர்மானம் குறித்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1864இல் வாசிங்டனில் நிறுவப்பட்ட இன்றைய கேலடெட் பல்கலைக்கழகம் காதுகேளாதோரின் உயர்கல்விக்கு முதன்மை இடமாக விளங்கியது. அங்குப் பணியாற்றிய வில்லியம் சுடோக்கோ, அமெரிக்கச் சைகைமொழி தனி அமைப்புடைய மொழி என 1960இல் எடுத்துக்காட்டினார்.

இப்பல்கலைக்கழகத்தில் 1954இல் பட்டம் பெற்ற ஆன்ட்ரூ ஃபாசுடர், 1957 முதல் ஆப்பிரிக்காவின் 13 நாடுகளில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். பள்ளியே காணாத குழந்தைகளுக்கு இவை பெரும் வாய்ப்பாக அமைந்தன. அதே வேளையில் அமெரிக்கச் சைகைகள் அந்நாடுகளில் பரவி, சில இடங்களில் உள்ளூர்ச் சைகைமொழிகளைப் பின்னுக்குத் தள்ளின.

இந்தியாவில்

இமாச்சலப் பிரதேசப் பகுதியில் பிறந்து, 11 வயதில் கேட்கும் திறனை இழந்த மதன் வசிட்டா 1967இல் கேலடெட்டில் சேர்ந்தார். தில்லியில் காதுகேளாத நண்பர்களிடையே அவர் பயன்படுத்திய சைகைகள் அப்போது மொழியாகக் கருதப்படவில்லை. 1977இல் அவர் அமெரிக்க மொழியியலாளருடன் இந்தியா வந்து தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய 4 நகரங்களில் சைகைகளைத் திரட்டினார். இவை வட்டார வேறுபாடுகள் கொண்டிருப்பினும் இந்நாட்டிலேயே வளர்ந்த ஒரு மொழியைச் சேர்ந்தவை என இவ்வாய்வு காட்டியது. வசிட்டாவின் தன்வரலாற்று நூல் 2006இல் வெளிவந்தது.

செருமானிய மொழியியலாளர் உல்ரிக் செசான் 2000இல் இந்திய, பாகிசுத்தான் சைகைமொழியின் இலக்கணத்தை விரிவாக வெளியிட்டார். 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் மத்திய லங்காசயர் பல்கலைக்கழகமும் இணைந்து, தில்லியில் காதுகேளாதோருக்கான சைகைமொழி இளங்கலைப் படிப்பைத் தொடங்கின. வெளிநாடு செல்லாமலே வெளிநாட்டுக் கல்வி கிடைக்க இது வழிசெய்தது.

2015இல் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது.

தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்சு சுவெயின்சன் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி, தென்னிந்தியாவின் பழமையான காதுகேளாதோர் பள்ளிகளுள் ஒன்று. இத்தகைய பள்ளிகளில் தலைமுறைகளாக வழங்கிவரும் பெயர்ச்சைகைகள், கேலிகள், குறும்புக் கதைகள் ஆகியன நாட்டார் வழக்காற்றியல் மாணவர் ஆராயத்தக்கவை.

வெளிநாட்டில் பயில்வோர் கவனத்திற்கு

இந்திய மாணவர் அமெரிக்கா சென்றால் ஆங்கிலத்துடன் அமெரிக்கச் சைகைமொழியையும் புதிதாகக் கற்கவேண்டும். அங்குக் கற்கும் கதை வடிவங்கள் அனைத்தும் நம் மொழிக்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. அமெரிக்க விரலெழுத்து ஒரு கையால் காட்டப்படுவது. இந்தியாவில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரிதும் வழங்குவது இரு கை விரலெழுத்து. எனவே ஒரு கை வடிவங்களை நம்பிய எழுத்துக் கதை இங்கு வந்தால் அதன் கட்டமைப்பே மாறவேண்டும். பாத்திரமாற்றம், வெளியைப் பயன்படுத்தல் போன்ற உத்திகளை ஆராயும் முறையோ எம்மொழிக்கும் பொருந்தும்.

காதுகேட்கும் மாணவர் இத்துறையில் ஈடுபடும்போது காதுகேளாதோரையே ஆசிரியராகக் கொள்வது முறையாகும். கதைகளைப் பதிவு செய்யுமுன் கதைசொல்லியின் இசைவைப் பெறவேண்டும். கதைசொல்லியின் முகமும் உடலும் கதையின் பகுதி என்பதால், அவர் பெயரை மறைத்துப் பனுவலை மட்டும் வெளியிடுதல் இங்கு இயலாது.

பதிவும் பாதுகாப்பும்

சைகைமொழிக் கதையை எழுத்தில் பெயர்த்தால் நிகழ்வு மட்டும் எஞ்சும், மொழி மறைந்துவிடும். இதனை உணர்ந்த அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம், பேச்சுப் பயிற்சி முறை மேலோங்கியிருந்த 1910களிலேயே தேர்ந்த சைகையாளர்களைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தது. சைகைமொழியைக் காக்கவேண்டும் என வலியுறுத்தி 1913இல் சியார்ச் வெடிட்சு ஆற்றிய உரை அவ்வாறே இன்றும் காணக் கிடைக்கிறது.

இன்று கைபேசி ஒன்றே பதிவுக்குப் போதுமானது. ஆயினும் அகராதி சொற்களை மட்டுமே காக்கும். அச்சொற்கள் கதையில் எவ்வாறு இயங்கின என்பதை விடுதிகளில் வளர்ந்த முதியோரே அறிவர். அவர்கள் காலத்திற்குள் பதிவு செய்யப்படாத கதைகளைப் பின்னர் மீட்டெடுக்க வேறு சான்று எதுவும் இராது.