உறங்காத பிள்ளையும் ஓயாத இல்லமும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை முற்பகல். நம் கிளையில் நல்ல கூட்டம். நகைக்கடனைப் புதுப்பிக்க வந்திருந்த தாயார் ஒருவரின் ஆறு வயது மகன் படிவங்களை அள்ளி வீசினான்; டோக்கன் இயந்திரத்தை அழுத்தி அழுத்திச் சீட்டுகளைக் குவித்தான்; தடுத்தபோது தரையில் விழுந்து அலறினான். வரிசையில் நின்ற பெரியவர், "இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்றார். "அடித்தும் பார்த்தாயிற்று ஐயா. இரவு ஒரு மணிக்கு முன்னால் தூங்குவதே இல்லை" என்றார் அந்தத் தாய், தலை நிமிராமல். அப்போது நம் காசாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி கேட்டார்: "குறட்டை விடுகிறானாம்மா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. உறக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து கண்ணயர்வோம். குழந்தைகளோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக ஓடுகிறார்கள், அடம்பிடிக்கிறார்கள், சிறு மறுப்புக்கும் வெடிக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. இரவு ஒரு மணிக்கு உறங்கிப் பள்ளி வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்படும் குழந்தைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். குறைந்தபட்ச அளவை வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு மூன்றரை மணி, ஆறு பள்ளி நாட்களில் 21 மணி நேரம் பற்று! இத்தகைய கணக்கு எந்த வங்கியிலும் முடக்கப்பட்டிருக்கும்.

உறங்காமைக்கு உடற்காரணம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அடினாய்டு அல்லது டான்சில் வீங்கியிருந்தால் குழந்தை குறட்டை விடும், வாயால் மூச்சுவிடும், இடையிடையே மூச்சுத் தடைபட்டுத் திடுக்கிடும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அது முழு உறக்கமாகாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் இதைக் கண்டறிவார். இரும்புச்சத்துக் குறைவும் கால்களில் அமைதியின்மையை உண்டாக்கிப் புரளச் செய்யும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே ஓர் இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்பது மிகையாகாது. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் உறக்கச் சிக்கல் பரவலாகக் காணப்படுகிறது. அது பெற்றோரின் வளர்ப்புப் பிழையன்று.

மருத்துவரிடம் செல்லுமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு பேரேடு எழுதுங்கள். படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், மறுநாள் எப்போது எதற்காக வெடித்தான் என்பவை போதும். குறட்டை இருந்தால் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொள்ளுங்கள். "சரியாகத் தூங்குவதில்லை டாக்டர்" என்னும் பொதுக்கூற்றைவிட இவை பேருதவி புரியும்.

வீட்டுப் பழக்கத்தில் நாம் அடிக்கடி செய்யும் தவறு ஒன்றுண்டு. பதினொன்றரைக்கு உறங்கும் குழந்தையை இன்று முதல் ஒன்பதுக்குப் படுக்கவைக்கப் போராடுகிறோம், படுக்கையே போர்க்களமாகிறது. மாறாக, சில நாட்கள் அவன் இயல்பாக உறங்கும் நேரத்தையொட்டியே படுக்கவையுங்கள். எளிதில் உறங்கத் தொடங்கியபின் பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னே கொணருங்கள். காலையில் எழும் நேரத்தை மட்டும் விடுமுறையிலும் மாற்றலாகாது. ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வீடுகளில் தொலைக்காட்சியும் அங்கேதான் இருக்கும். குழந்தை படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது அணைய வேண்டும், தாத்தாவின் தொடர் உட்பட. மாலைத் தேநீரும் கோலாவும் குழந்தைக்கு வேண்டா.

அடத்துக்கு இணங்குவதை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் அலறல் கூடும். பலரும் அங்கேதான் கைவிடுகிறார்கள். ஆறாம் நாள் இணங்கினால், ஆறு நாள் அழுதால் கிடைக்கும் என்பதே குழந்தை கற்கும் பாடம். ஆகவே தாத்தா பாட்டி உட்பட வீட்டில் அனைவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். கடைகளில் விற்கும் மெலடோனின் மிட்டாய்களை மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள்.

உறங்காத பெற்றோரின் பொறுமையும் வற்றும். இரவை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். தாங்க இயலாத நிலையில், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

இனிச் செலவு. தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்குப் பரிசோதனை இலவசம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை சான்றளிக்கப்பட்டால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு; சிகிச்சைப் பயிற்சிகளுக்கும் அதில் இடமுண்டு. ஏ.டி.எச்.டி. மட்டும் இருப்பின், 2016 ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் அது இல்லை ; இந்தக் காப்பீட்டை எதிர்பார்த்து அலைய வேண்டா.

சான்று பெற்ற பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர இயலாது. 1999 ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட உள்ளூர்க் குழு வழங்கும் காப்பாளர் சான்றிதழைக் கொண்டு, பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கி நடத்தலாம். இதை அறியாமல் கணக்கு நின்றுபோனபின் வருவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பதினேழு வயதிலேயே கிளைக்கு வந்து பேசுங்கள்.

அந்தத் தாயார் இம்மாதம் மீண்டும் வந்தார், கோடுபோட்ட பள்ளி நோட்டு ஒன்றுடன். பன்னிரண்டு இரவுகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்பது இரவுகளில் குறட்டை. மருத்துவரைக் காண வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாராம்.