குறைய வேண்டிய ஆயில் கூடுவது ஏன்?

வண்டி ஓட ஓட இஞ்சின் ஆயில் குறையும்; இது ஓட்டுநர் அறிந்த பாடம். இன்றைய டீசல் கார்கள் சிலவற்றிலோ ஆயில் கூடுகிறது! ஊற்றியவர் யாரும் இல்லை. குச்சியை உருவிப் பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. செலவு மிச்சம் என்று மகிழ்வதா? மகிழ்ந்தவன் இஞ்சினை இழப்பான்.

கூடியது ஆயில் அல்ல, தோழர்களே, டீசல்!

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் கக்கலாம் என்றிருந்த வரம்பு 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. நல்ல விதிதான். புகையை முதலில் மூச்சில் வாங்குபவன் தெருவில் நிற்கும் உழைப்பாளி. குளிர்சாதன அறைக்காரன் அல்ல. விதியோடு நமக்குச் சண்டை இல்லை.

கரியைப் பிடிக்கப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். அது நிரம்பினால் கரியை எரித்துத் தள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் வண்டிக்கு இது எளிது. நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு? வெப்பம் போதாது. ஆகவே வண்டியின் கணினி, எரிய வேண்டியது எரிந்த பின்னும் கொஞ்சம் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. அது குழாய் வழியே போய் அங்கே சூட்டைக் கிளப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அத்தனையும் போகுமா? ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, ஆயில் சம்ப்பில் சேர்கிறது. பெட்ரோலாவது சூட்டில் ஆவியாகும். டீசல் எளிதில் ஆவியாகாது, தங்கிவிடும். சவாரி முடிந்து சாவியைத் திருப்பினால் பாதி எரிந்த வேலை நின்றுபோகும். பிறகு மீண்டும் தொடக்கம், மீண்டும் டீசல். ஆயில் நீர்த்துப் போகிறது. அந்த நீர்த்த ஆயிலை நம்பித்தான் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்கிறது டர்போ!

மலிவான ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாமா? முடியாது. ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகச் சரக்குகள் சாம்பலாகி வடிகட்டியை அடைக்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிப்பார் உண்டோ? எனவே சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். விலை கூடுதல். நீர்த்துப்போனால் கெடுவுக்கு முன்பே அதையும் மாற்ற வேண்டும்.

விற்கும்போது மைலேஜைப் பாடுகிறார்கள்; இதைப் பாடுவதில்லை. கையேட்டின் ஏதோ மூலையில் இருக்கும். வாரண்டி கேட்டுப் போனால், "நீர் ஓட்டிய முறை சரியில்லை" என்று பதில்! நகரத்தில் சவாரி ஓட்டிப் பிழைப்பவன், வடிகட்டிக்காக நெடுஞ்சாலையைத் தேடி வெறும் வண்டியை ஓட்டிவிட்டு வரவேண்டுமாம். அந்த டீசல் யார் கணக்கில்?

"டாக்சி வாணிபம், நீர் நுகர்வோர் அல்ல" என்று மிரட்டினால் அஞ்ச வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வண்டி வாங்கியவன் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கம் தருகிறது. குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஆயில் மாற்றிய ரசீதுகள் கையில் இருக்கட்டும். ஆயில் அளவு ஏறியிருப்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அன்றே கடிதமாக எழுதி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு.