சீட்டுக்கு அடியில் ஓர் இன்ஜின்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் பக்கம் விடியற்காலையில் போனால், பழைய ஓம்னி வேன் ஒன்றாவது கண்ணில் படும். பட்டறையில் அதன் இன்ஜினைப் பார்க்க முன்சீட்டைத்தான் தூக்குவார்கள். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். நெடுந்தூரம் போனால் உட்கார்ந்த இடம் சுடுவது அதனால்தான். முன் அச்சுக்குப் பின்னால், வண்டியின் நடுவை நோக்கித் தள்ளி வைத்த இன்ஜின் அது. பந்தயக் கார் கட்டுகிறவர்கள் தேடி அலைவதும் ஏறக்குறைய இந்த இடத்தைத்தான்.

ஏன் என்று தெரிய ஒரு கம்பும் இரண்டு குடம் தண்ணீரும் போதும். குடங்களைக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்புங்கள். நீங்கள் திரும்பிவிடுவீர்கள், குடங்கள் வராது. வரத் தொடங்கிவிட்டால் நிற்காது, உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதே குடங்களைத் தோளை ஒட்டிக் கட்டிப் பாருங்கள்: சுமை மாறவில்லை, திரும்புவது எளிதாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். எடை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அது நான்கு மடங்காகும். காரில் இன்ஜின்தான் பெரிய குடம். அதை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்தால் வளைவில் கார் ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கும். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் இன்னொரு லாபம்: பின்சக்கரங்கள் எடையால் தரையில் அழுந்தி, உந்தும்போது நன்றாகப் பிடிக்கும். ஆபத்தும் உண்டு. எளிதில் திரும்பும் கார் எளிதில் சுழன்றும் விடும். பின்சீட்டும் போய்விடும்.

கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ஸ் மெல்குஸ் என்று ஒரு பந்தய வீரர் இருந்தார். டிரைவிங் ஸ்கூலும் நடத்தியவர். இப்படி இன்ஜினை நடுவில் வைத்த கார் ஒன்றைக் கட்ட நினைத்தார். விலையுயர்ந்த இன்ஜினுக்கு அவர் எங்கே போவார்? வார்ட்பர்க் என்ற குடும்பக் காரின் 992 சிசி இன்ஜினை எடுத்தார். அதுவும் மூன்று சிலிண்டர்தான், டூ ஸ்ட்ரோக். வார்ட்பர்க்கில் முன்மூக்கில் இருந்ததை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், தரையோடு ஒட்டிய உயரம். நம் இடுப்புக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். 1969இல் பிறந்த மெல்குஸ் ஆர்எஸ் 1000 மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போனது. பத்து வருடத்தில் செய்தது 101 கார்கள். எண்ணிக்கை சிறியது; எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கோயம்புத்தூரிலும் ஒருவர் இதையே செய்தார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் இன்ஜினைக் கழற்றி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். 1988இல் ஃபார்முலா மாருதி பிறந்தது. சங்கரன்கோவில் ஓம்னியின் சீட்டுக்கு அடியில் கிடக்கிற அதே 796 சிசி குடும்பம்! எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணத்தைவிட ஓட்டும் திறமை பேசியது. உதிரிப்பாகமும் எந்த ஊர்க் கடையிலும் கிடைத்தது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. செட்டிப்பாளையத்தில் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஃபார்முலா மாருதியில் கற்றுக்கொண்ட இளைஞர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் மெல்போர்னில், ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியராக அவர் ஜோர்டான் காருக்குள் உட்கார்ந்தார். பத்து சிலிண்டர் இன்ஜின் முதுகுக்குப் பின்னால் உறுமியது. அது இருந்த இடம் மட்டும் அவருக்குப் பழகிய இடம்.